ஏரிக்கரைப் பள்ளியில் கருஞ்சீரகம் விழுந்த வருடம்

எங்கள் ஏரிக்கரைப் பள்ளிவாசலில் இப்போது கையை நீட்டினால் தானாகத் தண்ணீர் விடுகிற குழாய்கள் வரிசையாக இருக்கின்றன, கையை எடுத்தால் தானாகவே நின்றும்விடுகின்றன, புதிதாக வருகிறவர்கள் அதைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்புகிறார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தில்தான் முன்பு ஹவுள் இருந்தது, நாலு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்து ஒளு செய்கிற தண்ணீர்த் தொட்டி, முகமும் கையும் காலும் கழுவிய தண்ணீர் ஓடுவதற்கு அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்தில் வாய்க்கால், அந்த வாய்க்காலில்தான் ஒரு வருடம், முஹர்ரம் பிறந்ததிலிருந்து ஷஅபான் முடிகிற வரைக்கும், மனிதர்கள் உள்ளே சுமந்துகொண்டு திரிந்ததெல்லாம் கழன்று கழன்று விழுந்தது. அந்த எட்டு மாதத்தை நான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அப்படி ஒரு காலம் இனி வருமா என்று கேட்டால், நான் பள்ளிவாசல் கேட்டை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன், எனக்கு என்ன தெரியும்.

என் பெயர் செய்யது மசூது. அந்தப் பெயரைச் சொன்னால் இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது, ஜெராக்ஸ் பாய் என்றால்தான் தெரியும். பள்ளிவாசல் கட்டின காலத்தில் இங்கே ஏரியும் நாற்றங்காலும்தான் இருந்ததாம். பிறகு ரோடு வந்தது, ரோட்டின் பின்னாலேயே கண்ணாடிக் கட்டடங்கள் வந்தன, அந்தக் கட்டடங்களிலிருந்து மதியத் தொழுகை லுஹருக்கும் பிற்பகல் தொழுகை அசருக்கும் கழுத்தில் அட்டை தொங்க, காதில் ஒரு குமிழ் செருகியபடி, யாரிடமோ பேசிக்கொண்டே ஆட்கள் ஓடி வந்தார்கள். பேசிக்கொண்டே சட்டைக் கையை மடிப்பார்கள், பேசிக்கொண்டே செருப்பைக் கழற்றுவார்கள், தொழுகை தொடங்கித் தக்பீர் கட்டுகிற நொடியில் குமிழைப் பிடுங்கிப் பையில் போடுவார்கள், தொழுது முடித்து ஸலாம் கொடுத்த கையோடு மறுபடி செருகிக்கொண்டு ஓடுவார்கள். தொழுதுவிட்டு வந்த முகமா இது என்று எனக்குத் தோன்றும், ஆனால் கடைக்காரன் வாயைக் கொடுக்கக் கூடாது என்று சும்மா இருப்பேன்.

மோதினார் உதுமான் லெப்பைதான் அதை முதலில் கண்டார். பாங்கு சொல்வது, பாய் விரிப்பது, ஹவுளைக் கழுவுவது எல்லாம் அவர் வேலை. கடையநல்லூர்க்காரர், ஒரு கடுகைக்கூட வீணாக்க மனம் வராதவர். ஒரு திங்கட்கிழமை லுஹருக்குப் பிறகு வாய்க்காலைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டு வந்தபோது மூலையில் கறுப்பாக என்னவோ ஒதுங்கிக் கிடந்தது, அள்ளிப் பார்த்தால் கருஞ்சீரகம், அதே நிறம், அதே அளவு, யார் பையிலிருந்து கொட்டியதோ என்று நினைத்தவர், மூன்று தண்ணீரில் அலசி, வெயிலில் காயப்போட்டு, நம் ஆட்கள் எல்லாரும் செய்கிற மாதிரி மறுநாள் காலை ஒரு சிட்டிகை எடுத்துத் தேனில் குழைத்து மூட்டுவலிக்குச் சாப்பிட்டுவிட்டார். அன்று லுஹர் தொழுகையில், இமாம் மனதுக்குள் ஓதுகிற அந்த அமைதியில், முன் வரிசையில் நின்ற மோதினாரின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு இளைஞனின் குரல், "சார், ரெண்டே நாள் டைம் குடுங்க சார், ப்ளீஸ் சார்" என்று கெஞ்சியது.

மூன்று நாள் அது கெஞ்சிக்கொண்டே இருந்தது. மோதினார் கஷாயம் குடித்தார், வயிற்றில் நல்லெண்ணெய் தடவினார், பாங்கு சொல்லப் பயந்து வேறு ஆளைச் சொல்லச் சொன்னார். மூன்றாம் நாள் அசருக்கு வந்த ஒரு பையன், மீசைகூடச் சரியாக முளைக்காத கம்ப்யூட்டர் வேலைக்காரன், மோதினாரைக் கடந்து போகும்போது அப்படியே நின்று, "பாய், அது என் குரல்" என்றான். "திங்கக்கிழமை ஒளு செஞ்சதிலேர்ந்து எனக்கு அந்தப் பயம் இல்ல. எங்க போச்சுன்னு நானே தேடிட்டு இருந்தேன்."

அப்புறம்தான் எல்லாரும் ஹவுளைச் சுற்றிக் குனிந்து பார்த்தோம். மணிமணியாக விழுந்துகொண்டிருந்தது. முழங்கையிலிருந்து, நெற்றியிலிருந்து, கால் விரல் இடுக்கிலிருந்து, தண்ணீரோடு தண்ணீராக, சத்தமில்லாமல். எடுத்துக் காதில் வைத்தால் விழுந்தவரின் குரலிலேயே ஒரே ஒரு வாக்கியம் சொல்லும், சொல்லி முடித்ததும் வெறும் மணலாகிவிடும். எங்கள் ஹஸ்ரத் நூருல் அமீனுக்கு அப்போது இருபத்தேழு வயது, இமாமாக வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, அவர் ஒரு மணியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஒளுத் தண்ணியோட பாவம் கழண்டு போகும்னு சின்ன வயசிலேர்ந்து ஓதுறோம். இப்ப கண்ணுக்குத் தெரியுது. கவலையும் அதோட ஒட்டிக்கிட்டு வருது போல. ஜமாஅத்துக்கு நேரமாச்சு, சஃப்ல நில்லுங்க" என்றார். நாங்களும் வரிசையில் போய் நின்றோம்.

அதிசயம் என்று வாயைப் பிளந்தது முதல் வாரம்தான். இரண்டாவது வாரம் பிரச்சினை அதை எங்கே கொட்டுவது என்பதாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தால் முக்கால் வாளி சேர்ந்தது. முத்தவல்லி ஜக்கரியா சாகிபு நிர்வாகக் கமிட்டியைக் கூட்டினார், இரண்டு மணி நேரம் பேசினார்கள், கூட்டத்துக்கு வந்தவர்கள் தேநீரும் சமோசாவும் சாப்பிட்டார்கள், கடைசியில் குப்பை வண்டியில் போட்டுவிடலாம் என்று முடிவானது. மறுநாள் வண்டியோடு வந்த அம்மா, "இது மக்குமா மக்காதா? அதைச் சொல்லுங்க மொதல்ல. கலந்து போட்டா வாங்க மாட்டேன்" என்று வாளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முத்தவல்லி வாளியைக் கீழே வைத்தார். அந்த அம்மாவே ஒரு மணியை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். "எம்புள்ள என்கிட்ட பேசவே மாட்டேங்குறான்" என்று அதற்குள்ளிருந்து யாரோ ஒரு ஆள் சொன்னார். அந்த அம்மா வாளியை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "மக்கும்னு நெனைக்கிறேன். மரத்தடியில கொட்டிப் பாருங்க" என்று சொல்லி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். பள்ளிக்குப் பின்னால் தென்னை மரத்தடியில் கொட்டினோம். இரண்டே நாளில் மண்ணோடு மண்ணாகிவிட்டது.

அடுத்தவர் மணியைக் காதில் வைப்பது ஒட்டுக்கேட்பதற்குச் சமம், அது ஹராம் என்று ஹஸ்ரத் ஒரு ஜும்ஆவில் கண்டிப்பாகச் சொன்னார். அதற்கு முன்பே நான் பத்துப் பன்னிரண்டு கேட்டிருந்தேன், மறைக்க என்ன இருக்கிறது. பெரிய பாவம் எதுவும் அதில் இல்லை. வீட்டுக் கடன் தவணை, பெண்டாட்டியிடம் விட்ட வார்த்தை, மேலதிகாரியின் ஒற்றை வரிப் பதிலுக்கு என்ன அர்த்தமோ என்ற குழப்பம், ஊரிலிருக்கும் உம்மாவுக்குப் போன் பண்ணி எத்தனை நாளாகிவிட்டது என்ற உறுத்தல். இவ்வளவு சின்னதையா இவர்கள் இவ்வளவு கனமாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று எனக்குப் பாவமாக இருந்தது.

நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா, அதிலும் போட்டி வந்துவிட்டது. எனக்கு இன்றைக்கு ஒரு கைப்பிடி என்பார் ஒருவர், ஒரு கைப்பிடிதானா, எங்கள் டீமில் வேலை பார்த்தால் தெரியும் என்பார் இன்னொருவர். எதிர்க் கட்டடத்து வாட்ச்மேன், பீகார்க்காரர், கோயிலுக்குப் போகிறவர், வந்து கால் கழுவிக்கொள்ளலாமா என்று தயங்கிக் கேட்டார், தண்ணீருக்கு யார் கணக்குப் பார்ப்பது என்று முத்தவல்லி உட்காரச் சொன்னார், அவருக்கும் விழுந்தது, அவர் பாஷையில் பேசியது. பெண்கள் பகுதியில் சாயங்காலம் ஒரு சிரட்டை நிறைய சேரும், அதை அவர்களே தென்னைக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, மரத்தடியில் கொஞ்சம் உட்கார்ந்து சிரித்துப் பேசிவிட்டுப் போவார்கள்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது இதெல்லாம் இல்லை. தொழுகை முடிந்தும் யாரும் ஓடாமல் இருந்ததுதான். தூணில் சாய்ந்துகொள்வார்கள், தஸ்பீஹ் ஓதுவார்கள், ஒன்றுமே செய்யாமல் ஹவுளில் மீன் மேய்வதைப் பார்ப்பார்கள், பக்கத்தில் இருப்பவரின் ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்று முதல் முறையாக விசாரிப்பார்கள். போன்களையெல்லாம் என் கடை மேஜையில் குவித்துவிட்டுப் போவார்கள். அவை என் முன்னால் கிடந்து துடித்துக்கொண்டிருக்கும், எடுக்க ஆளிருக்காது, கொஞ்ச நேரத்தில் அவையே அடங்கிவிடும். அசர் வெயில் சாய்ந்து முற்றத்தில் விழும் நேரத்தில் நாற்பது ஐம்பது பேர் அப்படி அமைதியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்த கண் இது. அந்த நிம்மதி அன்றைக்கு எங்களுக்குச் சர்வ சாதாரணமாக இருந்தது, அதுதான் இப்போது வயிறெரிகிறது.

அந்த நாற்பது ஐம்பது பேரில் ஒருவருக்கு மட்டும் ஒரு மணிகூட விழவில்லை. அவர் பெயர் ஜவாஹிர். நாற்பது வயது, ஒல்லி, எதிர்க் கண்ணாடிக் கட்டடத்தில் முப்பது பேருக்குத் தலைவர். ஒவ்வொரு உறுப்பையும் மும்மூன்று தடவை, விரல் இடுக்கெல்லாம் கோதி, அவ்வளவு நிதானமாக ஒளு செய்வார். செய்து முடித்ததும் குனிந்து வாய்க்காலைப் பார்ப்பார். தெளிந்த தண்ணீர் ஓடும். எழுந்து போய்விடுவார்.

ஜனங்கள் இதைக் கவனித்தார்கள். கவனித்தவர்கள் என்ன நினைத்திருக்க வேண்டும்? நம் ஆட்கள் நினைத்தது, இவர் மீது கழுவ ஒன்றுமே இல்லை, இவர் ஒரு வலி, இறைநேசர், அவ்லியா. முதலில் ஒரு பெண்மணி காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, "தம்பி, ஒரு தடவை ஓதி ஊதிருங்க" என்று நின்றார். அடுத்த வாரம் தண்ணீர் பாட்டிலோடு ஏழெட்டுப் பேர். பரீட்சை எழுதுகிற பிள்ளையின் பேனா, கடை திறக்கிறவரின் சாவி, கல்யாணம் ஆகாத பெண்ணின் போட்டோ. அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிப் பார்த்தார், அந்தப் பணிவைப் பார்த்ததும் கூட்டம் இன்னும் கூடியது. பின்வாசல் வழியாக வர ஆரம்பித்தார். அங்கேயும் இரண்டு பாட்டில்கள் காத்திருந்தன.

ஒரு நாள் அசருக்குப் பிறகு நேராக என் கடைக்குள் வந்து, மெஷினுக்குப் பின்னால் இருந்த ஸ்டூலில் வெளியே தெரியாதபடி உட்கார்ந்துகொண்டார்.

"பாய், நான் மூச்சு விட்டு மூணு வருஷம் ஆச்சு" என்றார்.

சொன்னார். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பெரிய வேலையை முடித்துக் கொடுக்கிற நாளில், அவசரத்தில் ஒரு சோதனையைச் செய்ய வேண்டாம் என்று சொன்னது இவர். அதனால் எல்லாம் படுத்துவிட்டது. மேலிடம் யார் காரணம் என்று கேட்டபோது, சோதனையைச் செய்யாமல் விட்டது பூபதி என்று இவர் எழுதிவிட்டார். பூபதி இவருக்குக் கீழே இருந்தவர், ஈரோட்டை அடுத்த கோபிப் பக்கத்துக்காரர், மனைவிக்கு ஏழு மாதம். அந்த வாரமே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

"அட்டையைத் திருப்பிக் குடுத்துட்டு என் மேஜைக்கிட்ட வந்தார். சண்டை போடுவார்னு நெனச்சேன். 'நீங்க தொழுகறவருன்னு நம்பினேனுங்க சார்'னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டார். அன்னிலேர்ந்து அஞ்சு வேளை தொழுதிட்டுத்தான் இருக்கேன் பாய். ஒவ்வொரு தக்பீருக்கும் அவர் குரல்தான் கேக்குது. இப்ப பிள்ளையைக் கொண்டாந்து என்கிட்ட ஓதச் சொல்றாங்க."

நான் எழுந்துபோய் ஹஸ்ரத்தைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஹஸ்ரத் எல்லாவற்றையும் கேட்டார். தன்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது என்பது தெரிந்தது. "அல்லாஹ்வுக்கும் நமக்கும் நடுவுல உள்ளது தண்ணியில போகுதுங்க. மனுஷனுக்கு மனுஷன் செஞ்சது அந்த மனுஷன் விட்டாத்தான் போகும். இது உங்களுக்கும் தெரியும்" என்றார்.

"தெரியும்" என்றார் ஜவாஹிர். "என் வீட்டுக்காரி ரிஸ்வானாவும் இதைத்தான் சொல்றா. தண்ணிகிட்ட எத்தனை நாளைக்குக் கேப்பீங்க, ஆளுகிட்டப் போங்கங்கறா. போறதுக்கு முன்னாடி எழுதினதை மாத்தி எழுதுங்கங்கறா."

மறுநாள் ஒரு கடிதத்தோடு வந்தார். நடந்ததை நடந்தபடி, தவறு தன்னுடையது என்று கம்பெனிக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். மூன்று காப்பி எடுத்துக் கொடுத்தேன். அதை அவர் மேலே கொடுத்த பத்தாம் நாள் அவருடைய தனி அறையை வாங்கிக்கொண்டு, ஓர் ஓரத்து மேஜையில் உட்காரவைத்துவிட்டார்கள். நேற்று வரை சார் என்றவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "அது பரவாயில்ல பாய், ஞாயித்துக்கிழமை என்கூட வர்றீங்களா?" என்று கேட்டார். நான் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

பூபதி அவர் ஊரில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் கல்லாகிவிட்டது, ஆனாலும் வீட்டுக்கு வந்தவர்கள் என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். புண்ணாக்கு மூட்டையின் மேல் அவருடைய பெண் குழந்தை உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மனைவி இரண்டு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, யாரென்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டார்.

"பூபதி, உங்க மேல நான் போட்டது பொய்ப் பழி. தப்பு என்னோடது" என்று சொல்லி ஜவாஹிர் கடிதத்தை நீட்டினார்.

பூபதி இரண்டு தடவை படித்தார். "தமிழ்ல எழுதியிருக்கலாமுங்க சார். எங்கய்யனுக்கு இங்கிலீசு தெரியாது" என்றார். பிறகு மடித்துத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். "தமிழ்ல எழுதியிருந்தாலும் இப்பப் படிக்க மாட்டாருங்க. போன ஆடியில போயிட்டாரு. நான் என்னமோ கோளாறு பண்ணிப் போட்டுத்தான் தொரத்தீட்டாங்கன்னு நெனச்சுட்டே போயிட்டாரு. நானும் எத்தனையோ சொன்னேன். அத்தாப் பெரிய கம்பெனிக்காரன் சும்மா தொரத்துவானான்னாரு."

ஜவாஹிர், பேசியிருக்க வேண்டாமோ என்னவோ, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்: ஹவுளை, வாய்க்காலை, எல்லாருக்கும் கருஞ்சீரகம் மாதிரி விழுவதை, தனக்கு மட்டும் விழாததை. பூபதி அதற்கு ஆச்சரியப்படவில்லை, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப அது உங்களுக்கு விழோணும்னுதான் வந்திருக்கறீங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஜவாஹிர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மோரைக் குடிச்சுட்டுப் போங்க சார். வெயில்ல வந்திருக்கறீங்க. ஆனா அதை மட்டும் என்றகிட்டக் கேக்காதீங்க. எனக்கு வரமாட்டேங்குது. பொய்யா வேணும்னாச் சொல்லலாம், நீங்களும் நம்பிட்டுப் போவீங்க, அது வேண்டாமுங்க."

"சரி பூபதி" என்று சொல்லி மோரை முழுவதும் குடித்தார் ஜவாஹிர்.

ரயிலுக்குக் காத்திருந்தபோது ஈரோடு பிளாட்பாரத்தின் கடைசியில் துண்டை விரித்து அசர் தொழுதோம். தொழுது முடித்து அவர் கையேந்தியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஒட்டுக்கேட்பது ஹராம் என்று தெரிந்தும் காது போய்விட்டது. வழக்கமாக அவர் கேட்கிற துஆ எனக்குத் தெரியும், யா அல்லாஹ் என் நெஞ்சிலிருந்து இதை இறக்கிவிடு என்று அழுவார். அன்றைக்குத் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பூபதியின் கடைக்கு பரக்கத் கொடு, அவர் பிள்ளைக்கு நீண்ட ஆயுளைக் கொடு, அவர் மனதில் நான் வைத்த நெருப்பை அணைத்துவிடு, என் பாரம் என்னோடு இருந்தால் இருக்கட்டும் என்றார்.

திரும்பி வந்தவர் முதல் வேலையாக, பாட்டிலோடு நின்ற கூட்டத்தின் நடுவில் போய் நின்று, "நான் வலியும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒருத்தருக்கு அநியாயம் செஞ்சவன், அதனாலதான் எனக்கு விழல" என்று முற்றத்துக்கே கேட்கும்படி சொன்னார். அப்படிச் சொல்பவர்தான் உண்மையான வலி என்று ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த ஜனங்களை என்னதான் செய்ய! ஹஸ்ரத் வந்து அதட்டிய பிறகுதான் பாட்டில்கள் வீடு திரும்பின.

ஓரத்து மேஜைக்குப் போனதால் அவருக்கு அழைப்புகள் குறைந்துவிட்டன. அசருக்கு வந்தால் பொழுது இறங்கி மஃரிப் தொழுகை வரைக்கும் ஹவுள் விளிம்பில் உட்கார்ந்திருப்பார். பூபதிக்காகக் கேட்பதை ஒரு வேளைகூட விடவில்லை. மணி விழவே இல்லை, ஆனால் ஆள் மாறிக்கொண்டு வந்தார், எங்கள் கண் முன்னாலேயே. "பாய், நேத்து இமாம் ஓதினது முழுசாக் காதுல விழுந்துச்சு" என்றார் ஒரு நாள், பெருநாள் சட்டை கிடைத்த பிள்ளை சொல்கிற மாதிரி. இன்னொரு நாள், மகளுக்குச் சைக்கிள் கற்றுக் கொடுக்கிறேன் என்றார். பாரத்தை இறக்கி வைக்காமலேயே ஒரு மனிதனுக்கு நிம்மதி வரக் கூடும் என்பதை அவரைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

ஷஅபானுக்கு முந்தின ரஜப் மாதத்திலேயே மணிகள் குறையத் தொடங்கின. ஷஅபான் பிறை முடிகிறபோது மோதினார் வாய்க்காலைத் தள்ளிவிட்டு வெறும் துடைப்பத்தைக் காட்டினார். மீட்டர் மாதிரி எண்ணிப் பெருமையடித்தார்களே அதனால்தான் என்றார் முத்தவல்லி. "எண்ணாம இருந்தாலும் நின்னுதாம்வே போயிருக்கும். எத்தனை நாளைக்குத்தான் அல்லாஹ் கண்ணுல காட்டிக்கிட்டே இருப்பான்?" என்றார் மோதினார். நோன்பு வந்தது, கஞ்சி காய்ச்சுகிற வேலையில் யாருக்கும் அதைப் பற்றிப் பேச நேரமில்லை, பெருநாள் முடிந்ததும் ஒவ்வொருவராகக் காதில் குமிழைச் செருகிக்கொண்டார்கள், என் மேஜையில் போன்கள் குறைந்தன. வாய்க்காலைக் குனிந்து பார்ப்பதை எல்லாரும் விட்டுவிட்டோம்.

பெருநாள் கழிந்து இரண்டு வாரம் இருக்கும். அசர் பாங்கு சொல்லியாகிவிட்டது. ஜவாஹிர் ஒளு செய்துகொண்டிருந்தார், நான் பக்கத்தில் என் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தேன். வலது காலைக் கழுவி முடித்திருந்தார், இடது காலை இன்னும் தண்ணீரில் வைக்கவில்லை. ஹவுள் விளிம்பில் கிடந்த அவருடைய போன் அடித்தது. அணைக்கலாம் என்று எடுத்தவன் பெயரைப் பார்த்துவிட்டு அவரிடம் காட்டினேன். அவர் இரண்டு கையும் ஈரமாக இருந்தன. நானே அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"சார், பூபதி பேசறனுங்க."

"சொல்லுங்க பூபதி" என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"இன்னிக்கு லோடு வந்துச்சுங்க. சாப்பிட நாலு மணியாயிருச்சு. சாப்பிட்டுப் போட்டுக் கை கழுவறேன், பேசின்ல கறுப்பா ஒண்ணு விழுந்துச்சுங்க. நீங்க அன்னிக்குச் சொன்னீங்கல்ல, அதேதான். காதுல வச்சுப் பாத்தேன். என்ற குரலுங்க. உங்க பேரைச் சொல்லி, நாசமாப் போகோணும்னு திட்டுச்சு. அப்பறம் மண்ணாயிருச்சு."

ஜவாஹிரின் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எதுக்கு இன்னிக்கு விழுந்துச்சுன்னு தெரியலீங்க. நான் உங்களை நெனைக்கக்கூட இல்லை. கொழம்பு நல்லாருக்குதுன்னு அவகிட்டச் சொன்னேன், அவ்வளவுதான். மூணு வருசமா அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லையாமா நான். அவ அழுகறா. மன்னிக்கறது அது இதுன்னெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாதுங்க சார். அது இருந்த எடம் காலியாக் கெடக்குது. அதைச் சொல்லோணும்னு தோணுச்சு."

ஜவாஹிர் ஈரக் கையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் போனைப் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன், எனக்கும் கண் மறைத்தது. உள்ளே மோதினார் இகாமத் சொல்ல ஆரம்பித்தார்.

"அதென்னங்க சத்தம்?" என்றார் பூபதி.

"தொழுகை ஆரம்பிக்கப் போவுது தம்பி" என்றேன் நான்.

"அப்ப அவரைப் போகச் சொல்லுங்க. போனை வச்சுப் போடாதீங்க. நான் இருக்கறேன்."

ஜவாஹிர் இடது காலை மூன்று தடவை கழுவினார். விரல் இடுக்குகளைக் கோதினார். எழுந்து வரிசைக்குப் போனார். நான் போனை அணைக்காமல் ஹவுள் விளிம்பில் நிமிர்த்தி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். அசரில் இமாம் சத்தமாக ஓதுவதில்லை. அந்த அமைதியில், எங்கோ நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு தீவனக் கடையில் குழந்தை எதற்கோ சிரிப்பதும், ஒரு லாரி பின்வாங்குவதும், யாரோ தவிடு கேட்பதும், அதற்குப் பூபதி தணிந்த குரலில், "கொஞ்சம் பொறுங்க, போன்ல இருக்கறேன்" என்று சொல்வதும் முற்றத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தன. நான்கு ரக்அத் முடிந்து ஸலாம் கொடுத்து நாங்கள் வெளியே வந்தபோதும் அவர் லைனில்தான் இருந்தார்.